ஏரிக்கரை நடை நடத்துவது எப்படி: பெங்களூர்த் தன்னார்வலர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

எங்கள் குடியிருப்பிலிருந்து பக்கத்து ஏரிக்கு மாதம் ஒரு ஞாயிறு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்து நான்கு வருஷம் ஆகிறது. இதைப் பார்த்து வேறு ஏரியாக்களில் ஆரம்பித்தவர்கள் சிலர் மூன்றாவது மாதமே நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே தப்பைத்தான் செய்தார்கள்: முதல் ஞாயிறே குப்பை பொறுக்கவோ மரம் நடவோ இறங்கிவிட்டார்கள். ஐம்பது பேர் வந்தார்கள், போட்டோ எடுத்தார்கள், அடுத்த மாதம் எட்டுப் பேர், அதற்கடுத்த மாதம் நடத்துபவரும் அவர் மனைவியும் மட்டும்.

என் அனுபவத்தில் தாக்குப்பிடிக்கிற வரிசை இது: முதலில் பார்ப்பது, அப்புறம் எண்ணுவது, கடைசியில்தான் கை வைப்பது. கீழே உள்ளதை அந்த வரிசையிலேயே செய்யுங்கள்.

1. ஒரே ஒரு ஏரி, வீட்டுக்குப் பக்கத்தில்

ஜக்கூர், ஹெப்பாள், கைகொண்ட்ரஹள்ளி, புட்டேனஹள்ளி என்று பெங்களூரில் பறவைக்குப் பேர்போன ஏரிகள் உண்டு. ஆனால் நீங்கள் இருப்பது விவேக் நகரிலோ ராமமூர்த்தி நகரிலோ என்றால் அவ்வளவு தூரம் மாதாமாதம் யாரும் வரமாட்டார்கள். நடந்தோ பத்து நிமிஷ வண்டியிலோ போகக்கூடிய ஏரிதான் உங்கள் ஏரி. அது அழகாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பாதி ஆகாயத்தாமரை மூடிய ஏரியிலும் காலை ஒரு மணி நேரத்தில் இருபது வகைப் பறவை பார்க்கலாம்.

"மாதம் ஒரு ஏரி" என்று சுற்றுலா மாதிரி போடாதீர்கள். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தால்தான் போன மாதம் இருந்த வாத்து இந்த மாதம் இல்லையே என்று ஒருவருக்குத் தோன்றும். அப்படித் தோன்றுகிறவர்தான் நாளைக்கு உங்கள் தன்னார்வலர்.

ஆரம்பிக்க நல்ல மாதம் நவம்பர் அல்லது டிசம்பர். செப்டம்பர், அக்டோபர் பெருமழை ஓய்ந்திருக்கும், வடக்கிலிருந்து வலசை வரும் வாத்துகள் வந்து இறங்கியிருக்கும். மே மாதம் ஆரம்பித்தால் வெயிலும் அடிக்கும், வலசைப் பறவைகளும் ஊரைப் பார்த்துப் போயிருக்கும்; வந்தவர்கள் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே திரும்பிப் போவார்கள்.

2. ஏரி யார் கையில் இருக்கிறது

இங்கே எல்லா ஏரியும் ஒரே துறையிடம் இல்லை. ஒன்று மாநகராட்சியிடம் இருக்கும், இன்னொன்று வனத்துறையிடம், மற்றொன்று பெங்களூர் வளர்ச்சி ஆணையத்திடம், வேறொன்று சிறு நீர்ப்பாசனத் துறையிடம். கேட் பக்கத்திலுள்ள பலகையில் பெரும்பாலும் எழுதியிருக்கும், இல்லாவிட்டால் காவலாளியிடம் கேளுங்கள். இது ஏன் முக்கியம் என்றால், நாளைக்கு மீன் செத்து மிதந்தால் யாருக்குப் போன் போடுவது என்று அப்போது தேடிக்கொண்டிருக்க முடியாது.

பொதுமக்கள் நடக்கிற ஏரியில் பத்துப் பேர் சும்மா நடப்பதற்குப் பொதுவாக யாரும் தடை சொல்வதில்லை. பேனர், மைக், பள்ளிக் குழந்தைகள், சுத்தம் செய்வது, செடி நடுவது இவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்தாலும் கடிதம் கொடுத்துவிடுங்கள். நாள், நேரம், எத்தனை பேர், பொறுப்பாளர் பெயர், போன் நம்பர், இவ்வளவு போதும். கன்னடத்தில் எழுதிக் கொடுத்தால் மேஜைக்கு மேஜை சீக்கிரம் நகரும். இரண்டு பிரதி எடுத்துப்போய் ஒன்றில் சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெரிய கேமராவுக்குத் தடையோ கட்டணமோ உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

காகிதத்தைவிடப் பெரிய அனுமதி காவலாளியுடையது. நான் முதல் வருஷம் இதைக் கோட்டை விட்டேன். அலுவலகத்தில் சீல் வாங்கிய தைரியத்தில் அவரைக் கண்டுகொள்ளாமல் உள்ளே போனேன். அவர் கேட்டைத் திறக்க வேண்டிய நேரத்துக்கு இருபது நிமிஷம் கழித்துத் திறந்தார். தப்பு என்னுடையது. இப்போது முதல் நாள் மாலையே போய் "நாளே பெளிக்கே பர்த்தீவி அண்ணா" (நாளைக்குக் காலையில் வருகிறோம் அண்ணா) என்று கன்னடத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருகிறேன். மீன் குத்தகைக்காரர்களிடமும் அப்படித்தான். பரிசலில் போகிறவருக்கு எந்த மூலையில் எந்தப் பறவை முட்டையிட்டிருக்கிறது என்று நம்மைவிட நன்றாகத் தெரியும்.

3. யாரையும் கூப்பிடும் முன் மூன்று தடவை தனியாக நடங்கள்

இதைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம். "நான் தினமும் அங்கே வாக்கிங் போகிறவன்தானே" என்பார்கள். வாக்கிங் போகிறவர் பார்க்கிற ஏரி வேறு, ஆட்களை நிறுத்திக் காட்டப்போகிறவர் பார்க்க வேண்டிய ஏரி வேறு.

முதல் தடவை வெளிச்சத்துக்காக நடங்கள். காலையில் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும், அதாவது கிழக்குக் கரையில் நின்று மேற்கே பார்க்க வேண்டும். எதிர்ப்பக்கம் நின்றால் எல்லாப் பறவையும் கறுப்பாகத் தெரியும், புதிதாக வந்தவர் எல்லாவற்றையும் நீர்க்காகம் என்பார், நீங்களும் மறுக்க முடியாது. முதல் நிறுத்தம் கிழக்குக் கரையில் அமைகிற மாதிரி கேட்டைத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டாவது தடவை நிறுத்தங்களுக்காக. ஒரு நடைக்கு நான்கைந்து நிறுத்தம் போதும். ஒவ்வொன்றிலும் பதினைந்து பேர் வாக்கிங் போகிறவர்களை மறிக்காமல் நிற்க இடம் இருக்கிறதா பாருங்கள். ஒரு நிறுத்தம் கட்டாயம் ஏரிக்குள் தண்ணீர் வரும் இடமாக இருக்கட்டும். மற்றொன்று சம்புப் புல் அடர்ந்த ஓரம், இன்னொன்று ஒரு பெரிய ஆலோ அத்தியோ. பழுத்திருக்கும் சமயத்தில் அந்த ஒரு மரத்தடியிலேயே அரை மணி ஓடிவிடும்.

மூன்றாவது தடவை ஆபத்துக்காக. கழிப்பறை திறந்திருக்கிறதா, எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள்? பாசி பிடித்த படி எங்கே? நாய்க் கூட்டம் எந்த மூலையில்? கடைசியாக, கழுத்தை நிமிர்த்திப் பெரிய மரங்களையும் சுற்றியுள்ள அடுக்குமாடி மாடங்களையும் பாருங்கள். கோடை நெருங்கும்போது மலைத்தேனீ பெரிய அடை கட்டித் தொங்கும். அதன் கீழே கூட்டமாக நிற்கக் கூடாது, பிளாஷ் போடக் கூடாது, அத்தர், சென்ட் அடித்துக்கொண்டு வரக் கூடாது. கலைந்துவிட்டால் கையால் அடிக்காமல் முகத்தை மூடிக்கொண்டு ஓடி, ஒரு கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ புகுந்துகொள்வதுதான் வழி. இதை நடை ஆரம்பத்தில் எல்லோருக்கும் ஒரு வரியில் சொல்லிவிடுவேன்.

4. என்ன வேண்டும்

பன்னிரண்டு பேருக்கு மூன்று பைனாகுலர் போதும். வாங்குவதானால் 8x42 வாங்குங்கள். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 42 என்பது முன் கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். 20 மடங்கு என்று விளம்பரம் பார்த்து வாங்கி வருபவர் எப்போதும் ஒருவர் இருப்பார். கை நடுக்கமும் 20 மடங்கு ஆகும் என்பதைக் கடைக்காரர் சொல்லியிருக்க மாட்டார்.

முதலுதவிப் பெட்டி, ஒரு பாட்டில் தண்ணீர் கூடுதலாக, ஓஆர்எஸ் பொட்டலம், பென்சில் (மழையில் பேனா மை கலையும்), பறவைப் படம் ஒட்டிய அட்டை. அவ்வளவுதான். டி-ஷர்ட், பேட்ஜ் எல்லாம் அடிக்காதீர்கள். அதை அடிக்கிற அன்றைக்கே காசு யார் போட்டது என்ற பேச்சு ஆரம்பித்துவிடும்.

5. ஆள் சேர்க்கும் செய்தி

குழுவில் போடும் செய்தியில் "இயற்கையோடு இணைவோம்" மாதிரி வாசகம் வேண்டாம். யாருக்கும் அதிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று தெரியாது. நான் போடுவது இப்படி:

"ஞாயிறு காலை 6:45 முதல் 8:15 வரை ஏரி நடை. மெயின் கேட், டீக்கடைப் பக்கம். 6:50க்குக் கிளம்பிவிடுவோம். 12 பேர் மட்டும். எட்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகள் பெற்றோருடன். மூடிய செருப்பு அல்லது ஷூ, தொப்பி, தண்ணீர். வெள்ளை, சிவப்புச் சட்டை தவிர்க்கவும். கட்டணம் இல்லை. நடை முடிந்ததும் அவரவர் காசில் டீ."

கூடும் இடத்தை ஒரு அடையாளத்தோடு சொல்லுங்கள். அல்சூர் ஏரியில் நடத்தினால் "திருவள்ளுவர் சிலைப் பக்கம்" என்றால் தமிழ் தெரிந்த யாரும் வழி கேட்க மாட்டார்கள். வெறும் "கேட் பக்கம்" என்றால் நாலு கேட்டிலும் நாலு பேர் நின்று போன் அடிப்பார்கள்.

பன்னிரண்டு என்ற எண்ணைப் பிடிவாதமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். முப்பது பேர் வந்தால் முன்னால் நிற்கிற பத்துப் பேர் பறவை பார்ப்பார்கள், நடுவில் உள்ளவர்கள் முதுகு பார்ப்பார்கள், பின்னால் உள்ளவர்கள் ஆபீஸ் கதை பேசுவார்கள். அந்தப் பேச்சுச் சத்தத்தில் பறவையும் போய்விடும். அதிகம் பேர் கேட்டால் காத்திருப்போர் பட்டியல் போட்டு அடுத்த மாதத்துக்குத் தள்ளுங்கள். இடம் கிடைக்கவில்லை என்றால் ஆசை கூடும், அதுவும் நல்லதுதான்.

நேரத்தையும் மாதத்துக்கு ஏற்ப மாற்றுங்கள். டிசம்பர், ஜனவரியில் சூரியன் உதிக்கவே 6:30 தாண்டிவிடும், மே, ஜூனில் 6 மணிக்கெல்லாம் விடிந்துவிடும். விடிந்த முதல் இரண்டு மணி நேரம்தான் பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும்.

6. மூன்று பேர், மூன்று வேலை

ஒருவர் முன்னால் நடந்து காட்டுவார். ஒருவர் எண்ணி எழுதுவார். ஒருவர் கடைசியில் வருவார்; அவரை நாங்கள் "வால்" என்போம். வாலுக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் விதி.

புதிதாகத் தொடங்குபவர்கள் மூன்றையும் ஒருவரே செய்யப் பார்ப்பார்கள். காட்டுகிறவர் குனிந்து எழுதினால் அந்த அரை நிமிஷத்தில் மீன்கொத்தி பாய்ந்து மீன் எடுத்திருக்கும், வந்தவர்கள் எல்லாம் பார்த்திருப்பார்கள், அவர் மட்டும் பார்த்திருக்க மாட்டார். வால் வேலை சின்னது மாதிரி தெரியும். ஆனால் தயங்கி நிற்கும் அத்தையோடும் ஷூ லேஸ் கட்டும் பையனோடும் பேசிக்கொண்டு வருகிறவர் அவர்தான். அடுத்த மாதம் யார் திரும்பி வருவார்கள் என்பது பாதி அவர் கையில் இருக்கிறது.

7. அன்று காலை

சொன்ன நேரத்துக்குக் கிளம்புங்கள். தாமதமாக வருகிறவருக்காக ஒரு தடவை பத்து நிமிஷம் நின்றால் அடுத்த மாதம் எல்லோரும் பத்து நிமிஷம் தாமதமாக வருவார்கள்.

அறிமுகப் பேச்சு மூன்று நிமிஷம். பெயர், எந்தத் தெரு, தேனீ பற்றிய எச்சரிக்கை, பறவைக்கு எதுவும் போடக் கூடாது, பாட்டு சத்தமாக வைக்கக் கூடாது. பறவையை வரவழைக்கப் போனில் அதன் குரலை ஓடவிடுவதும் கூடாது. தன் இடத்துக்கு எதிராளி வந்துவிட்டான் என்று அது வேலையைப் போட்டுவிட்டு அலையும்.

முதல் நிறுத்தத்தில் பைனாகுலர் பழக்குங்கள். வாரைக் கழுத்தில் மாட்டச் சொல்லுங்கள், கையில் பிடித்தால் தண்ணீரில் விழும். கண்ணாடி போட்டவர்கள் கண் வைக்கும் ரப்பரை உள்ளே மடக்க வேண்டும். முதலில் இடது கண்ணால் நடுச் சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்கி, பிறகு வலது கண்ணுக்கு அங்குள்ள வளையத்தைத் திருப்ப வேண்டும். எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு, பைனாகுலரைக் கண்ணில் வைத்துவிட்டுப் பறவையைத் தேடுவது. பறவையை வெறும் கண்ணால் பாருங்கள், பார்வையை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். பழகுவதற்குப் பெரிய, சோம்பேறிப் பறவை வேண்டும். கூழைக்கடா இருந்தால் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் இறக்கையை விரித்துக் காயப்போட்டிருக்கும் நீர்க்காகம்.

ஒரு நிறுத்தத்தில் மூன்று பறவைக்கு மேல் பெயர் சொல்லாதீர்கள். நான் ஆரம்பத்தில் 31 வகையும் ஒப்பித்தேன், டீக்கடையில் ஒருவருக்கும் இரண்டுக்கு மேல் நினைவில்லை. பெயருக்கு முன்னால் அது என்ன செய்கிறது என்று கேளுங்கள். "அது ஏன் மூழ்கி வேறு இடத்தில் எழும்புது?" என்று குழந்தை கேட்ட பிறகு முக்குளிப்பான் என்று சொன்னால் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும்.

8:15க்கு முடித்துவிடுங்கள், பறவை இன்னும் இருந்தாலும். வீட்டில் இட்லி காத்திருக்கிறது.

8. பெயர்களும் கேள்விகளும்

நம் மொழிப் பெயர்கள் அடையாளம் காட்டிவிடும், இங்கிலீஷ் பெயரை மட்டும் சொல்லி அதை வீணாக்காதீர்கள். நெற்றியில் வெள்ளையாக நாமம் போட்டது நாமக்கோழி. ஆள் வந்தால் கத்திக் காட்டிக்கொடுப்பது ஆள்காட்டி. தண்ணீருக்கு மேல் கழுத்து மட்டும் பாம்பு மாதிரி நீட்டுவது பாம்புத்தாரா. கன்னடத்திலும் அது ஹாவக்கி, அதாவது பாம்புப் பறவைதான். கூழைக்கடா கன்னடத்தில் ஹெஜ்ஜார்லெ, மீன்கொத்தி மிஞ்சுள்ளி. அட்டையில் இரண்டு மொழியும் எழுதி வையுங்கள். நம் ஆட்களுக்காகத்தான் நடத்துகிறோம் என்றாலும் பக்கத்தில் வாக்கிங் போகிற கன்னடக்காரர் நின்று பார்ப்பார், அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏரிக்குக் கேடு வந்தால் அலுவலகத்தில் பேசப்போவது அவர்தான்.

தண்ணீர் உள்ளே வரும் இடத்தில் கட்டாயம் நில்லுங்கள். பெங்களூரில் வற்றாத ஆறு கிடையாது, ஒரு ஏரி நிரம்பினால் ராஜகாலுவே வழியாக அடுத்த ஏரிக்குப் போகும்படி சங்கிலியாக அமைத்தது இது. மழைநீர் போக வேண்டிய அந்தக் கால்வாயில் இன்று சாக்கடையும் சேர்ந்து வருகிறது. "நுரை ஏன் வருது அங்கிள்?" என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். சுத்திகரிக்காத சாக்கடையில் நம் சோப்பும் சலவைத்தூளும் இருக்கிறது, தண்ணீர் மதகில் விழுந்து கலங்கும்போது நுரைக்கிறது என்று சொல்லுங்கள்.

அப்புறம் இந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேளுங்கள். பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகளைத் தாண்டிப் போவது தட்சிண பினாகினியில் சேர்கிறது. அதுதான் நம் தென்பெண்ணை. ஓசூர் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி, சாத்தனூர் என்று போய்க் கடலூர்ப் பக்கம் கடலில் சேர்கிறது. எங்கள் நடையில் திருவண்ணாமலைக்காரர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "அப்போ நான் இங்கே துணி துவைச்ச தண்ணி எங்க சித்தப்பா ஊருக்குப் போகுதா?" என்றார். மற்ற எந்த விளக்கமும் அன்று தேவைப்படவில்லை.

புண்ணியம் என்று கடையில் வாங்கிய மீனையும் ஆமையையும் ஏரியில் விடுகிறவர்களும், ரொட்டி போடுகிறவர்களும் நடையிலேயே இருப்பார்கள். திட்டாதீர்கள். வளர்ப்புக்கு விற்கும் சிவப்புக் காது ஆமை வெளிநாட்டு இனம், இங்குள்ள ஆமையின் இடத்தையும் இரையையும் பிடித்துக்கொள்ளும் என்றும், தண்ணீரில் மக்கும் ரொட்டி மீனுக்கான ஆக்சிஜனைக் குறைக்கும் என்றும் காரணம் சொன்னால் போதும்.

9. எண்ணுவது

மூன்றாவது மாதத்திலிருந்து எண்ணத் தொடங்குங்கள். பறவைக் கணக்கு ஏற்றும் இபேர்ட் (eBird) செயலியில் பட்டியல் போட்டால் உங்கள் ஏரியின் கணக்கு அங்கேயே சேர்ந்துகொண்டிருக்கும். ஆரம்பித்த நேரம், எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் என்பதைச் செயலியே குறித்துக்கொள்ளும். நடை முடிந்ததும் நிறுத்த மறக்காதீர்கள், இல்லாவிட்டால் ஆட்டோவில் வீட்டுக்கு வந்த தூரமும் சேர்ந்துவிடும்.

காக்கை, மாடப்புறா, மைனா எல்லாவற்றையும் எழுதுங்கள். புதியவர்கள் "காக்காயை எல்லாம் எதற்கு" என்று விட்டுவிடுவார்கள். முழுப் பட்டியல் என்று குறித்துவிட்டுக் காக்கையை எழுதாவிட்டால், அன்று ஏரியில் காக்கையே இல்லை என்று அர்த்தமாகிவிடும். நிச்சயமில்லாததை விட்டுவிடலாம், அதில் வெட்கம் இல்லை. குரலைக் கேட்டு வேறு செயலி ஏதாவது சொல்லும் பெயரை, கண்ணாலோ காதாலோ நீங்களே உறுதி செய்யாமல் ஏற்றாதீர்கள்.

நாமக்கோழிக் கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. பத்தை எண்ணுங்கள், அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் வைத்து, அதே மாதிரி எத்தனை பத்து என்று பாருங்கள். வீட்டில் தட்டில் கொண்டைக்கடலையைக் கொட்டி ஒரு பார்வையில் எத்தனை என்று சொல்லிப் பழகுங்கள், குழந்தைகள் நம்மைத் தோற்கடிப்பார்கள். பிப்ரவரியில் நான்கு நாள் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் பதினைந்து நிமிஷப் பட்டியல் போட்டாலே சேர்ந்துகொள்ளலாம், அதை முதல் இலக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

10. குப்பையும் செடியும்: கடைசியில், யோசித்து

ஆறு மாதம் நடந்த பிறகு யாராவது "சும்மா பார்த்துக்கொண்டே இருக்கிறோமே" என்பார்கள். அப்போது ஆரம்பிக்கலாம்.

குப்பை எடுப்பதில் முதல் வேலை, எடுத்த குப்பை எங்கே போகும் என்று முடிவு செய்வது. நாங்கள் முதல் தடவை நாற்பது சாக்கு நிரப்பி கேட் ஓரம் அடுக்கிவிட்டுப் பெருமையாக வீட்டுக்குப் போனோம். வண்டி இரண்டு நாள் வரவில்லை. நாய்கள் கிழித்து இழுத்துப் போட்டதில் முன்பு ஏரி ஓரம் முழுக்கப் பரவலாகக் கிடந்தது எல்லாம் வாசலில் குவிந்து கிடந்தது. இப்போது வார்டு மேற்பார்வையாளரிடம் வண்டி வரும் நேரத்தை வாங்கிக்கொண்டுதான் நாளே குறிக்கிறோம். பிளாஸ்டிக், கண்ணாடி பாட்டில் உலர் கழிவு மையத்துக்கு, நாப்கின், ஊசி மாதிரியானவை தனிச் சாக்கில். மெல்லிய பாலிதீன் கையுறை உதவாது, தடித்த ரப்பர் கையுறையும் இடுக்கியும் வேண்டும். பௌரகார்மிகர்கள் (மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளர்கள்) தினமும் வெறுங்கையோடு செய்கிற வேலை இது, அன்று அவர்களுக்கும் ஒரு ஜோடி வாங்கிக் கொடுங்கள். தண்ணீருக்குள் யாரும் இறங்கக் கூடாது. பாம்பு தெரிந்தால் பின்வாங்கி நின்று மீட்பவரைக் கூப்பிடுங்கள். பெரும்பாலும் சாரையாகவோ தண்ணீர்ப் பாம்பாகவோ இருக்கும், ஆனால் அதை முடிவு செய்வது நம் வேலை இல்லை.

சம்புப் புல்லைக் "களை" என்று வெட்டாதீர்கள். மழைக்காலத்தில் நீலத் தாழைக்கோழியும் முக்குளிப்பானும் கூடு கட்டுவது அங்கேதான். ஆகாயத்தாமரை வேறு விஷயம், ஆனால் அதை எடுக்க ஏரியை வைத்திருக்கும் துறையின் ஆளும் வண்டியும் வேண்டும்.

செடி நடுவது எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது, சொல்லிவிடுகிறேன். நடுகிற அன்றைக்கு நூறு பேர், மார்ச் மாதம் தண்ணீர் ஊற்ற ஒருவரும் இல்லை. கட்டாயம் நடுவதானால் ஜூன், ஜூலையில் பத்துச் செடி, பத்துக்கும் பெயர் போட்டுப் பொறுப்பாளர், இரண்டு கோடைக்குத் தண்ணீர். நாவல், நீர்மருது, அத்தி, புங்கம் சரிப்படும். ஏரிக்கட்டின் மேல் பெரிய மரம் வேண்டாம், வேர் கட்டைப் பிளக்கும். வெறும் புல்லாகக் கிடக்கும் ஓரத்தை எல்லாம் நிரப்பவும் வேண்டாம், ஆள்காட்டி அந்த வெட்டவெளித் தரையில்தான் முட்டையிடும்.

11. அன்று மாலைக்குள்

பட்டியலையும் நாலு படத்தையும் குழுவில் போடுங்கள், குழந்தைகள் முகம் தெரியும் படமானால் பெற்றோரிடம் கேட்டுவிட்டு. யார் முதலில் எதைப் பார்த்தார் என்று பெயரோடு எழுதுங்கள்: "பாம்புத்தாராவைக் கண்டுபிடித்தது மூன்றாம் பிளாக் பாட்டி." அடுத்த நடையின் தேதியையும் அதிலேயே போட்டுவிடுங்கள்.

தொடர்ந்து மூன்று மாதம் வந்தவரிடம் வால் வேலையைக் கொடுங்கள், ஆறு மாதம் வந்தவரிடம் எழுதும் வேலையை. ஒரு வருஷம் ஆனதும் ஏதாவது ஒரு ஞாயிறு வேண்டுமென்றே ஊருக்குப் போய்விடுங்கள். நான் அப்படிக் கடலூர் போயிருந்தபோது 8:40க்குப் பட்டியல் வந்தது, 26 வகை, அதில் ஒன்று தப்பு. திங்கட்கிழமை போன் பண்ணித் திருத்தினேன்.